முன் சக்கரத்து பிரேக்

சைக்கிளை எல்லோரும் பக்கவாட்டில் நின்று பார்ப்பார்கள். அவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். முன் சக்கரம் ஒற்றைக் கோடாகத் தெரியும் இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை மேலே நீட்டி பிரேக்கைப் பிடிப்பார், விடுவார், மறுபடி பிடிப்பார். ரிம்மின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் கட்டைகள் ரிம்மை ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டும். அது யாருடைய சைக்கிள் என்பது இரண்டாம் பட்சம்.

படூரில் எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக்குகள், அறுபத்திரண்டு வீடுகள். அவர் ஏ பிளாக்கின் தரைத்தளத்தில் இருந்தார். நான் அதே பிளாக்கில் மூன்றாவது மாடி. அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவர் படித்து, சிறுசேரியில் ஒரு நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவில் மேற்பார்வையாளராகியிருந்தார். ஊழியர்களை ஏற்றி வரும் ஷட்டில் வண்டிகளுக்கு வழி வகுத்துக் கொடுப்பது வேலை.

இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் அவர் முதன்முதலில் வருவது ஒரு புகாராகத்தான். “சைக்கிளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிரேக் நேற்றுபோல் இல்லை.” கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், சைக்கிளில்தான் போவேன். அன்று காவலாளியிடம் விசாரித்தேன்.

“அண்ணாத்த வேலையா இருக்கும் மேடம்,” என்றார் காவலாளி. “அவருக்கு அது ஒரு வியாதி. நாங்க பிரேக் டாக்டர்னு பேரு வெச்சிகீறோம். பீசு இல்லாத டாக்டரு, பேஷண்ட்டும் தானா வர்றதில்ல.”

நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

“ஆமா மேடம். லெஃப்டு கட்டை ரிம்மை ஒரசிகினே வந்துச்சு. நீங்க மிதிக்கிறதுல பாதி அதுக்கே போவுது.”

“என்னிடம் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா வேணாம்னுவாங்க.”

“வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?”

அவர் இதை உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வருத்தத்துடன், “வுட முடியாது மேடம்,” என்றார்.

அதை நான் அப்படியே எழுதி வைத்தேன். சிரிப்பாக இருந்தது. அதோடு, மறுநாள் சைக்கிள் கைக்கு அடங்கி, சத்தமில்லாமல், நினைத்த இடத்தில் நின்றது. குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த இரண்டு வருடம் நான்தான் செயலாளர். அவர் கேட்காமல் சைக்கிள்களைத் தொடுகிறார் என்று இன்னும் இருவர் என்னிடம் சொன்னார்கள். பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. பிரேக் நன்றாக இருந்ததே காரணம்.

அவர் செய்வதை ஒரு நாள் முழுதாக நின்று பார்த்தேன். இக்காலத்து சைக்கிள்களில் முன் சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு கைகள் நிற்கின்றன. அவற்றின் நுனியில்தான் ரப்பர் கட்டைகள். இரண்டு கைகளையும் மேலே ஓர் ஒயர் சேர்த்து இழுக்கிறது. அவர் முதலில் அந்த ஒயரைக் கொக்கியிலிருந்து விடுவிப்பார். கைகள் இரண்டும் விரிந்துகொள்ளும். ஒவ்வொரு கையின் பக்கத்திலும் சிறிய திருகு ஒன்று உண்டு. ஒரு பக்கத் திருகை முறுக்கினால் அந்தப் பக்கத்துக் கட்டை ரிம்மை விட்டு விலகும், எதிர்ப் பக்கத்துக் கட்டை நெருங்கி வரும். கால் சுற்று, அதில் பாதி, அதிலும் பாதி. பிறகு ஒயரைக் கொக்கியில் மாட்டி, பிடித்துப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடி கழற்றுவார். ஒரு சைக்கிளுக்கு அப்படி ஏழெட்டு தடவை.

“ஒண்ணு முன்ன போயி தொட்டா அது பிடிக்கல மேடம், தள்ளுது,” என்பார். “ரிம்மு அந்தாண்ட வளையும். அந்தக் கட்டையும் சீக்கிரம் தேஞ்சிபூடும். பாரம் ரெண்டுத்துக்கும் ஒண்ணா வரணும்.”

அவருக்கு இது சைக்கிளோடு நிற்கவில்லை. ஷட்டில் வண்டியில் யார் முதலில் ஏறுகிறாரோ அவர்தான் அதிகாலையில் எழ வேண்டும், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவரே தினமும் முதலில் ஏறுவது தப்பு என்று அவர் வாரத்துக்கு ஒருமுறை வழியை மாற்றிப் போட்டார். செங்கல்பட்டில் ஏறுபவர் ஒரு வாரம் முதல் ஆள், அடுத்த வாரம் கடைசி ஆள். வண்டி சுற்றிச் சுற்றிப் போனது. யாருக்கும் எந்த வாரம் எத்தனை மணிக்கு எழுவது என்றே தெரியாமல் போயிற்று. முதலில் ஏறிக்கொண்டிருந்தவரே கை எடுத்துக் கும்பிட்டு, “சார், நான் பழைய மாதிரியே முன்னாடி ஏறிக்கறேன், என்னைத் தூங்க விடுங்க,” என்றாராம். மேலதிகாரி தலையிட்டுப் பழையபடி ஆக்கினார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது. “அவருக்கே அது பழகிப்போச்சு மேடம். தேயறது தெர்ல,” என்றார்.

அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்து வரும்போது படியில் நின்று என்னோடு பேசுவார். இரண்டு பெண் குழந்தைகள் அவர்களுக்கு.

“இன்னா மனுசன்க்கா இது. சின்னவளுக்கு ஜுரம்னு ரெண்டு நாள் லீவு போட்டு பக்கத்துலயே உக்காந்தாரு. சரின்னு வுட்டேன். அடுத்த வாரம் பெரியவளுக்கு ரெண்டு நாள் லீவு போட்டாரு. அவளுக்கு ஜுரமே இல்ல. ஸ்கூலுக்குப் போயிருந்த பொண்ணுக்கு இவரு வூட்ல உக்காந்து லீவு.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவரும் உள்ளேயிருந்து கேட்டுவிட்டு, “அப்பறம் அவ இன்னா நெனைப்பா?” என்றார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி வேறு ஒன்றும் எழுத வேண்டியிராமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சி பிளாக்கில் ஒரு பெண் இருந்தாள். கரூர்ப் பக்கம். சிறுசேரியில் மென்பொருள் வேலை, இருபத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவாள். ஒரு சனிக்கிழமை மாலை அவர் அவளுடைய சைக்கிளின் முன் உட்கார்ந்திருந்தார். அன்றைய என் குறிப்பு இது: “5.50. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே துணி தேய்த்துக் கொண்டுவருபவர். கீழே ஓடி, சைக்கிள் கொட்டகையிலிருந்து அவரை அழைத்து வந்தேன். கையில் ஸ்பேனரோடு வந்தார். 6.20க்குத் திறந்தது. துணிகள் கசங்கவில்லை.”

கடைசி வாக்கியத்தை எதற்கு எழுதினேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். லிஃப்ட் கதவு திறந்ததும் துணி தேய்ப்பவர் வெளியே வந்து, “இன்னும் அஞ்சு நிமிசம் ஆயிருந்தா நானே இஸ்திரி ஆயிருப்பேன்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் என் வீட்டுக்குள் போனேன். அவர் ஸ்பேனரோடு படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை, பட்டிப்புலம் தாண்டி, ஒரு மாடு நடுத்தடுப்பிலிருந்து சாலைக்குள் இறங்கியது. அந்தப் பெண்ணால் நிறுத்த முடியவில்லை. மாட்டின் மேல் மோதி, சாலையில் தோளை அடித்து விழுந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது தோளில் கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன. இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் அந்தக் கை தோளிலிருந்து தொங்கியது. விரல்கள் அசையவில்லை. கரூரிலிருந்து பெற்றோர் வந்து அவளோடு தங்கினார்கள். மாடு குறுக்கே வந்தது என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். மாட்டுக்காரர் யாரென்று தெரியவில்லை. வழக்கு எதுவும் இல்லை.

சைக்கிளை யாரோ சின்ன வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் சாய்த்து வைத்தார்கள். முன் சக்கரம் நசுங்கியிருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். அன்று கண்ணை மூடவில்லை. ஒயர் கொக்கியில் இல்லை.

அடிபட்டதில் கழன்றிருக்கலாம். அல்லது சனிக்கிழமை மாலையிலிருந்தே கழன்று கிடந்திருக்கலாம்.

நான்கு நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெப்பீங்களே. அன்னிக்கு லிஃப்டு தொறந்தப்புறம் நான் திரும்பிப் போனனா?”

நாட்குறிப்பை எடுத்துப் படித்துக் காட்டினேன். துணிகள் கசங்கவில்லை என்பதோடு அது முடிந்தது.

“கை கழுவுனது ஞாபகம் கீது,” என்றார். “சோப்பு தீந்துபோயி, துணி சோப்பு போட்டு கழுவுனேன். அது கீது. ஒயரை மாட்டுனது மட்டும் ஞாபகம் இல்ல. தினம் பத்து வாட்டி மாட்றேன். எந்த வாட்டின்னு தெர்ல.”

நான் வாதாடினேன். முன் பிரேக் பிடிக்காத சைக்கிளை ஒருத்தி அவ்வளவு தூரம் தெரியாமலா ஓட்டியிருப்பாள் என்றேன்.

“பாதிப் பேரு பின் பிரேக்தான் மேடம் பிடிப்பாங்க. திடீர்னு எதுனா வந்தாதான் ரெண்டும்.” பிறகு, “நீங்க பார்த்தீங்களா, இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. மாட்டியிருந்தா நான் வாய மூடிகினு இருப்பேன். மாட்டலன்னா அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட போயி சொல்லணும்,” என்றார்.

யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அன்று மாலையே அவர் மனைவி வந்தார். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பார்த்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. சாப்பாடு எறங்கல அவருக்கு. பொண்ணுங்கள நிமிர்ந்து பாக்க மாட்டேன்றாரு. ஒரு வார்த்த. யாருக்கு இன்னா நஷ்டம்?”

என்னால் முடியவில்லை. அவர் கேட்டது ஒரு உண்மையை. எல்லோரையும் விட்டு என்னிடம் வந்ததே, நான் பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்பதால்தான். மறுநாள் அவரிடம், “எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை,” என்றேன். அவர் தலையசைத்தார். “சரி மேடம். தெரியாதுன்றது ஒரு பதிலு,” என்றார்.

அவர் சி பிளாக்குக்குப் போய்ச் சொன்னார். மாட்டினேனா இல்லையா என்று தெரியவில்லை, மாட்டாமல் விட்டிருக்கலாம் என்று சொன்னார். அன்று அந்த வீட்டில் நடந்ததை இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் தகப்பனாரே என்னிடம் சொன்னார். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஊரில் பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கழற்றிய செருப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“நீங்க சங்கத்துல இருக்கறீங்களாமுங்க. அன்னைக்கு நீங்கதான் அவரைக் கூப்பிட்டதாச் சொன்னாருங்க.”

“ஆமாம்.”

“ஏனுங்கம்மா, அந்த மனுசன் எதுக்குங்க எங்கிட்ட வந்து சொல்லோணும்? மாடுன்னு இருந்துச்சு. மாட்டை என்னங்க பண்றது, வாயில்லாச் சீவன். ராத்திரி படுத்தா அழுதுட்டாவது தூங்குவோம். இப்ப நானும் எம்பட சம்சாரமும் மாத்தி மாத்தி எந்திரிச்சு உக்காந்துக்கறோம். அந்தாளு செஞ்சேன்னும் சொல்லல, செய்யலைன்னும் சொல்லல. செஞ்சேன்னு சொல்லியிருந்தா செவுள்ல ரெண்டு விட்டிருப்பனுங்க. அதுவும் முடியல.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “புள்ள வேற, ‘நான் கௌம்பறதுக்கு முன்னாடி பிரேக்கப் பாத்திருக்கோணும், என் தப்புதாம்ப்பா’ங்குது. இத்தன நாளா அது அப்படிச் சொன்னதில்லீங்க.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க பாத்தீங்களா? அவரு திரும்பிப் போயி மாட்டுனாரா? உள்ளதச் சொல்லுங்க.”

மூன்று பேர் அந்த வீட்டில் தூங்காமல் இருந்தார்கள். நான்கு பேர் எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில். அவர் மனைவியின் ஒரு வார்த்தை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சொன்னேன்: “பார்த்தேன். லிஃப்ட் திறந்ததும் கொட்டகைக்குத் திரும்பிப் போனார். ஒயரை மாட்டினார். மேலே இருந்து பார்த்தேன். அவருக்குத்தான் மறந்துவிட்டது.”

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “நல்லாருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குடும்பம் அந்த மாதமே மகளை அழைத்துக்கொண்டு கரூருக்குப் போனது. போகுமுன் பெரியவர் தரைத்தளத்துக்குப் போய், நான் சொன்னதைச் சொல்லி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கையைப் பிடித்துவிட்டுப் போனாராம். அவரளவில் அது நல்லபடியாக முடிந்தது.

இவரும் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு செங்கல்பட்டுக்கே போனார். சிறுசேரி வேலையை விட்டுவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், வழித்தடம் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றாராம். இப்போது ஒரு கிடங்கில் வாசல் பொறுப்பு என்று கேள்வி. சென்ற வருடம் அவர் மனைவியை செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்த்தேன். பெரியவள் கல்லூரிக்குப் போகிறாள் என்றார். அவர் எப்படியிருக்கிறார் என்றேன். “கீறாரு,” என்றார். வண்டி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்போது எந்த வண்டியும் வரவில்லை.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்தப் பெரியவர் ஊருக்குப் போன மறுநாள். மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார். முகத்தை மழித்திருந்தார். அந்த ஒரு கணம், நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

“மேலேர்ந்து பார்த்தேன்னு அவருகிட்ட சொன்னீங்களாமே மேடம்.”

“ஆமாம். அன்றைக்கு எனக்குச் சரியாக…”

“இப்படி வாங்க.”

என் வீட்டுக்கு எதிரே உள்ள கைப்பிடிச் சுவர் அருகே என்னை அழைத்துப் போனார். குனிந்து கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது. அதன் மேல் காய்ந்த வேப்பிலைகளும் ஒரு பந்தும் கிடந்தன. அதற்குக் கீழே இருக்கும் எதுவும் எங்கிருந்தும் தெரியாது. நான் அந்த மூன்றாவது மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன்.

“எங்கிட்ட தெரியாதுன்னீங்க. அத நம்பிகினு இருந்தேன்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “பாதிக்குப் பாதி. மாட்டியிருக்கலாம், மாட்டாமயும் இருக்கலாம். அத வெச்சிகினு எப்படியோ எழுந்து குளிச்சு வேலைக்குப் போனேன் மேடம். இப்ப நீங்க பொய் சொல்லிகிறீங்க. நீங்க போயி பொய் சொல்றவங்களா? மாட்டியிருப்பேன்னு உங்க மனசுல ஒரு துளி இருந்திருந்தா, தெரியாதுன்னே அவருகிட்டயும் சொல்லியிருப்பீங்க.”

அப்படி இல்லை என்றேன். அவர்கள் தூங்குவதற்காகத்தான் சொன்னேன் என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்றேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் சொன்னேன், மூன்றும் உண்மை.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “இனிமே நீங்க எத சொன்னாலும் எனக்கு அது மனசுல நின்னாத்தான மேடம்,” என்றார். பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதுபோல், “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அந்தக் குடும்பமாவது தூங்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். லிஃப்ட் எங்கள் தளத்தில் கதவைத் திறந்தபடிதான் நின்றிருந்தது.